கொள்ளு வைத்தும் வாய் திறக்காத குதிரை

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகில் ஒரு பழைய அரண்மனை இருக்கிறது. அதன் பெயர் குதிரை மாளிகை. 1840-களில் சுவாதித் திருநாள் மகாராஜா கட்டியது. அங்கே நின்று அண்ணாந்து பாருங்கள். கூரைக்குக் கீழே மரக்குதிரைகள் வரிசையாக நிற்கும். மொத்தம் 122 குதிரைகள். அத்தனையும் மரத்தில் செதுக்கியவை.

மரக்குதிரைக்குப் பசி கிடையாது. வயிற்று வலியும் கிடையாது.

அதே ஊரில் உயிருள்ள குதிரைகளும் இருக்கின்றன. தைக்காட்டுக்குப் பக்கத்தில் கண்ணேற்றுமுக்கு என்ற இடத்தில் கேரளப் போலீசின் குதிரை லாயம் இருக்கிறது. அந்தக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் உண்டு. அரசு உண்டு.

ஆனால் எல்லாக் குதிரைகளுக்கும் அந்த வசதி இல்லை. சென்னை மெரினா கடற்கரையில் குதிரைச் சவாரி விடுகிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விடுகிறார்கள். அங்கெல்லாம் ஒரு குதிரையை நம்பி ஒரு குடும்பமே பிழைக்கிறது. குதிரை படுத்துவிட்டால் அன்று அடுப்பு எரியாது.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. கொள்ளு என்றால் குதிரை வாயைத் திறக்குமாம். கடிவாளம் என்றால் வாயை மூடுமாம். தீனி வேண்டும், வேலை வேண்டாம் என்று இருப்பவரைக் கேலி செய்யச் சொல்வது அது.

ஆனால் கொள்ளு வைத்தும் ஒரு குதிரை வாயைத் திறக்கவில்லை என்றால்? அது சோம்பல் அல்ல. திமிரும் அல்ல. அதன் வயிற்றில் புண் இருக்கலாம். மனிதருக்கு வரும் அல்சர் குதிரைக்கும் வரும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வாருங்கள், பார்ப்போம்.

ஒரு குதிரைக்காரரும் டாக்டரம்மாவும்

கடற்கரையில் சவாரி விடும் ஒரு குதிரைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கால்நடை மருத்துவரிடம் போகிறார்.

“டாக்டரம்மா, என் குதிரை பத்து நாளாகச் சரியில்லை. கொள்ளில் பாதியை மிச்சம் வைக்கிறது. புல்லைப் போட்டால் தின்கிறது.”

“வேறு என்ன பார்த்தீர்கள், அண்ணாச்சி?”

“சேணம் வைத்து வயிற்று வாரை இறுக்கினால் கடிக்க வருகிறது. முன்பு அப்படிச் செய்யாது. திமிர் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு அடியும் வைத்துவிட்டேன்.”

“அடிக்காதீர்கள். அதற்கு வாய் இல்லை. வலிக்கிறது என்று வேறு எப்படிச் சொல்லும்? காலையில் எத்தனை மணிக்குத் தீனி வைப்பீர்கள்?”

“ஆறு மணிக்குக் கொள்ளும் தவிடும் வைப்பேன். பிறகு கடற்கரைக்குப் போய்விடுவோம். ராத்திரி எட்டு மணிக்கு வந்துதான் புல் போடுவேன்.”

“அப்படியானால் பகல் முழுவதும் வயிறு காலி. அங்கேதான் விஷயம் இருக்கிறது.”

டாக்டரம்மா ஏன் அப்படிச் சொன்னார்? அதற்குக் குதிரையின் வயிற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

குதிரையின் வயிறு எப்படிப்பட்டது?

குதிரை பெரிய பிராணி. ஆனால் அதன் இரைப்பை சின்னது. வளர்ந்த பெரிய குதிரையின் இரைப்பையில் 8 முதல் 15 லிட்டர் வரைதான் பிடிக்கும். மாட்டின் வயிறு இதைப்போலப் பல மடங்கு பெரியது. மாடு வயிறு நிறைய மேயும். பிறகு படுத்து அசைபோடும். குதிரையால் அது முடியாது. குதிரை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். நாள் முழுவதும் தின்ன வேண்டும். காட்டு வெளியில் விட்டால் குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம்கூட மேயும்.

தின்றதைச் செரிக்க வயிற்றில் அமிலம் சுரக்கிறது. மனிதருக்குச் சாப்பிடும்போது அது அதிகமாகச் சுரக்கும். குதிரைக்கு அப்படி இல்லை. தின்றாலும் சுரக்கும். தின்னாவிட்டாலும் சுரக்கும். இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும்.

அந்த அமிலத்தை அடக்குவது எது? எச்சில். குதிரை மென்றால்தான் எச்சில் ஊறும். மெல்லாவிட்டால் ஊறாது. ஒரு கிலோ உலர்ந்த புல்லைத் தின்னக் குதிரைக்கு ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். ஒரு கிலோ தானியத்தை 10 நிமிடத்தில் தின்றுவிடும். ஆகவே புல் தின்னும்போது எச்சில் நிறைய ஊறும். தானியம் தின்னும்போது குறைவாக ஊறும்.

இன்னொரு செய்தியும் உண்டு. குதிரையின் இரைப்பையில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. கீழ்ப் பகுதியின் உட்சுவரில் வழவழப்பான ஒரு பூச்சு உண்டு. அது அமிலத்தைத் தாங்கும். மேல் பகுதிக்கு அந்தப் பூச்சு இல்லை. அங்கே அமிலம் பட்டால் சுவர் வெந்துபோகும். வெந்த இடம் புண்ணாகும்.

வயிறு காலியாக இருக்கும்போது குதிரையை ஓட்டினால் என்ன ஆகும்? பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிப் பாருங்கள். தண்ணீர் தளும்பி மேலே அடிக்கும். அதுபோலவே அமிலமும் மேலே தெறிக்கும். வயிற்றில் புல் இருந்தால் அது அமிலத்தின்மேல் மெத்தைபோல் கிடக்கும். தெறிப்பது குறையும்.

யாருக்கு அதிகம் வருகிறது?

பந்தயக் குதிரைகளுக்கு அதிகம் வருகிறது. பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளைப் பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். பத்தில் எட்டு, ஒன்பது குதிரைகளுக்குப் புண் இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. தானியம் அதிகம், புல் குறைவு, ஓட்டம் அதிகம். இவைதான் காரணம்.

மற்றக் குதிரைகளும் தப்புவதில்லை. டென்மார்க் நாட்டில் பந்தயத்துக்குப் போகாத 201 குதிரைகளைச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2009-இல் வெளியானது. அவை பார்வைக்கு நன்றாகவே இருந்த குதிரைகள். ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவற்றின் வயிற்றில் புண் இருந்தது. வைக்கோல் மட்டுமே தின்ற குதிரைகளுக்குப் புண் கூடுதலாக இருந்தது. புல்லுக்கும் அடுத்த புல்லுக்கும் நடுவே 6 மணி நேரத்துக்குமேல் இடைவெளி இருந்தவற்றுக்கும் கூடுதலாக இருந்தது. தண்ணீர் எப்போதும் கிடைக்காதவற்றுக்கும் அப்படியே.

சந்தையில் வாங்கி வந்த குதிரையையும் கவனிக்க வேண்டும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழா நடக்கும். அப்போது அங்கே குதிரைச் சந்தை கூடும். அதுபோன்ற சந்தையில் வாங்கிய குதிரை வெகுதூரம் லாரியில் நின்றபடி வரும். வழியில் தீனி இருக்காது. புது இடம், புது ஆட்கள். அந்தக் கலக்கத்திலும் புண் வரலாம்.

வலி மாத்திரையாலும் புண் வரும். காலில் அடிபட்டது என்று டாக்டரைக் கேட்காமல் நாள் கணக்கில் வலி மருந்து கொடுக்கக் கூடாது.

வெளியே தெரியும் அடையாளங்கள்

வயிற்றுப் புண் வெளியே தெரியாது. ஆனால் சில அடையாளங்கள் தெரியும். இவற்றைக் கவனியுங்கள்:

தானியத்தை மிச்சம் வைக்கும். புல்லை மட்டும் தின்னும்.
தீனி தின்ற சிறிது நேரத்தில் காலால் தரையைப் பறிக்கும். வயிற்றைத் திரும்பிப் பார்க்கும்.
உடம்பு மெலியும். விலா எலும்பு தெரியும்.
ரோமத்தில் பளபளப்பு போய்விடும்.
வயிற்று வாரைக் கட்டும்போது கடிக்க வரும். உதைக்க வரும்.
முன்போல் ஓடாது. சீக்கிரம் களைத்துப்போகும்.
குட்டியாக இருந்தால் பல்லை நறநறவென்று கடிக்கும். வாயில் எச்சில் ஒழுகும். மல்லாந்து படுக்கும்.

சில குதிரைகளுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. புண் மட்டும் இருக்கும். டென்மார்க் குதிரைகளை நினைத்துப் பாருங்கள்.

அடையாளம் மட்டும் போதுமா?

போதாது. மேலே சொன்ன அடையாளங்கள் வேறு நோய்களுக்கும் உண்டு.

பல் கூராகிக் கன்னத்தைக் குத்தினாலும் குதிரை தானியத்தை மிச்சம் வைக்கும். வயிற்றில் பூச்சி இருந்தாலும் மெலியும். சேணம் முதுகை அறுத்தாலும் கடிக்க வரும். காலில் வலி இருந்தாலும் ஓடாது.

ஆகவே டாக்டர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். லத்தியை எடுத்துப் பூச்சி முட்டை இருக்கிறதா என்று சோதிப்பார். முதுகையும் காலையும் தடவிப் பார்ப்பார். இவற்றில் ஒன்றும் இல்லை என்றால் வயிற்றின்மேல் சந்தேகம் வரும்.

“லத்தியில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரியாதா?” என்று சிலர் கேட்பார்கள். அதை நம்ப முடியாது. இரைப்பையிலிருந்து லத்தி வெளியே வருவதற்குள் வெகுதூரம் குடலைத் தாண்டுகிறது. வழியில் ரத்தம் செரித்துப்போகும். லத்தி நன்றாக இருந்தாலும் வயிற்றில் புண் இருக்கலாம். லத்தியில் ரத்தம் தெரிந்தால் அது வேறு இடத்திலிருந்தும் வந்திருக்கலாம்.

உள்ளே பார்க்கும் குழாய்

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. வயிற்றுக்குள்ளே பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் எண்டோஸ்கோப். மனிதருக்கும் இதே முறையில்தான் வயிற்றைப் பார்க்கிறார்கள். குதிரைக்கு நீளமான குழாய் வேண்டும். ஏறக்குறைய 3 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். குழாயின் நுனியில் சிறு விளக்கும் கேமராவும் இருக்கும்.

சோதனை எப்படி நடக்கும்?

முதல் நாள் இரவே தீனியை நிறுத்துவார்கள். 12 முதல் 16 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். தண்ணீரையும் கடைசிச் சில மணி நேரம் நிறுத்துவார்கள். வயிற்றில் புல் இருந்தால் சுவர் தெரியாது. லாயத்தில் படுக்கைக்குப் போட்ட வைக்கோலையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குதிரை அதைத் தின்றுவிடும்.

மறுநாள் ஓர் ஊசி போடுவார்கள். குதிரை மயங்கி விழாது. நின்றபடியே தூங்கி வழியும். பிறகு மூக்குத் துவாரம் வழியாகக் குழாயை மெல்ல விடுவார்கள். குழாய் தொண்டையைத் தாண்டி இரைப்பைக்குப் போகும். கொஞ்சம் காற்றை ஊதி இரைப்பையை விரிப்பார்கள். உள்ளே இருப்பது டி.வி. பெட்டியில் தெரியும். நீங்களும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

மேல் பகுதி வெளிறிய நிறத்தில் இருந்தால் நல்லது. சிவந்து, பள்ளம் விழுந்து இருந்தால் புண். புண்ணை 0 முதல் 4 வரை எண் போட்டு அளக்கிறார்கள். 0 என்றால் புண் இல்லை. 1 என்றால் தோல் தடித்திருக்கிறது, ஆனால் கிழியவில்லை. 2 என்றால் சிறு புண்கள். 3 என்றால் பெரிய புண், அல்லது பரவிய புண். 4 என்றால் பரவி, ஆழமாகவும் போன புண். பிறகு கீழ்ப் பகுதியையும் பார்ப்பார்கள். இரண்டு இடத்துப் புண்ணுக்கும் மருந்து முறை ஒன்றல்ல. அதனால் எந்த இடம் என்று தெரிவது முக்கியம்.

இந்தக் கருவி எல்லா ஊர் மருந்தகத்திலும் இருக்காது. கேரளத்தில் திருச்சூருக்கு அருகே மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரைக்கான நீளக் குழாய் எங்கே கிடைக்கும் என்று உங்கள் டாக்டரையே கேளுங்கள். புறப்படும் முன் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். பட்டினி போட்டு அழைத்துப் போய் ஏமாந்து திரும்பக் கூடாது.

கருவி கிடைக்கவில்லை என்றால்?

அப்போது டாக்டர் வேறு நோய் இல்லை என்று முதலில் உறுதி செய்வார். பிறகு புண்ணுக்கான மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார். குதிரை தேறினால் புண்ணாக இருந்திருக்கலாம் என்று முடிவு செய்வார். இது இரண்டாவது வழி. குழாய் விட்டுப் பார்ப்பதற்கு ஈடாகாது. ஆனால் சும்மா இருப்பதைவிட நல்லது.

இந்த வழியில் டாக்டருக்கு மிகவும் உதவுவது எது தெரியுமா? உங்கள் கையெழுத்து.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தினமும் நான்கு வரி எழுதுங்கள். இப்படி:

திங்கள்: கொள்ளு முழுவதும் தின்றது. புல் தின்றது. லத்தி சரி.
செவ்வாய்: கொள்ளில் பாதி மிச்சம். வார் கட்டும்போது கடிக்க வந்தது.
புதன்: கொள்ளைத் தொடவில்லை. புல் மட்டும் தின்றது. சவாரி முடிந்ததும் வயிற்றைத் திரும்பிப் பார்த்தது.

“பத்து நாளாகச் சரியில்லை” என்று வாயால் சொல்வது ஒன்று. எந்த நாளில் தொடங்கியது, என்ன தின்றது, எதை விட்டது என்று எழுதிக் காட்டுவது வேறு. குதிரையால் பேச முடியாது. அதன் சார்பில் உங்கள் நோட்டு பேசும்.

மருந்து

ஒமிப்ரசோல் என்ற மருந்து அமிலம் சுரப்பதைக் குறைக்கும். அமிலம் குறைந்தால் புண் ஆறும். பெரும்பாலும் தினம் ஒரு வேளை, ஏறக்குறைய 4 வாரம் கொடுப்பார்கள். கீழ்ப் பகுதியில் புண் இருந்தால் இன்னும் நாளாகலாம். வேறு மருந்தும் சேர்ப்பார்கள்.

மனிதருக்கும் இந்த மருந்து உண்டு. அதற்காகக் கடையில் மாத்திரை வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள். குதிரையின் எடைக்கு ஏற்ற அளவு வேண்டும். வயிற்று அமிலத்தில் கரைந்து வீணாகாதபடி மருந்து இருக்கவும் வேண்டும். அது டாக்டருக்குத்தான் தெரியும். நான்கு நாளில் தீனி தின்கிறதே என்று நிறுத்தவும் கூடாது. வலி முதலில் போகும். புண் பிறகுதான் ஆறும்.

மனிதருக்கு வரும் வயிற்றுப் புண் பலருக்கு ஒரு கிருமியால் வருகிறது. 1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வாரன், மார்ஷல் இருவரும் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் குதிரையின் புண்ணுக்கு அந்தக் கிருமிதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. குதிரைக்குப் பெரும்பாலும் காரணம் நாம்தான். நாம் தீனி வைக்கும் நேரம்தான்.

மறுபடி வராமல் இருக்க

மருந்தால் புண் ஆறும். பழைய பழக்கத்துக்குப் போனால் மறுபடி வரும். அதனால் இவற்றைச் செய்யுங்கள்:

6 மணி நேரத்துக்குமேல் வயிற்றைக் காலியாக விடாதீர்கள்.
கடற்கரைக்குப் போகும்போது ஒரு சாக்கில் புல் எடுத்துப் போங்கள். சவாரி இல்லாத நேரத்தில் போடுங்கள்.
சவாரிக்கு அரை மணி நேரம் முன்பு கொஞ்சம் புல் தின்ன விடுங்கள்.
தானியத்தை ஒரே வேளையில் கொட்டாதீர்கள். சிறிது சிறிதாகப் பிரித்து வையுங்கள்.
வைக்கோலை மட்டுமே நம்பாதீர்கள். புல்லும் வேண்டும்.
குடிக்க நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

இடம் இருந்தால் குதிரை மசால் வளர்க்கலாம். பெயரிலேயே குதிரை இருக்கிறது, பாருங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது அமிலத்தை அடக்க உதவும். மற்றப் புல்லோடு கலந்து கொஞ்சம் போட்டால் போதும்.

உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம்

குதிரை தரையில் விழுந்து புரண்டால், வேர்த்துக் கொட்டினால், லத்தி போடாமல் இருந்தால் நோட்டு எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். அது கடுமையான வயிற்று வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு உப்பி வெடிக்கவும்கூடும். தீனியை எடுத்துவிடுங்கள். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கை வைத்தியம் செய்து நேரத்தைப் போக்காதீர்கள்.

அந்தக் குதிரைக்காரர் என்ன செய்ய வேண்டும்?

டாக்டரம்மா அவரிடம் சொன்னார்:

“பல்லைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. லத்தியில் பூச்சியும் இல்லை. குழாய் விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன். அதுவரை சவாரி வேண்டாம். புல்லை நாள் முழுவதும் போடுங்கள்.”

“சவாரி இல்லையென்றால் வீட்டில் கஷ்டம், டாக்டரம்மா.”

“தெரியும், அண்ணாச்சி. இப்போது சில வாரம் கஷ்டம். குதிரை போய்விட்டால் எத்தனை வருஷம் கஷ்டம்?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“நோட்டில் என்ன என்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். என் பிள்ளை எழுதுவான்.”

“பிள்ளை எதற்கு? நீங்களே எழுதலாமே. குதிரையைத் தினமும் பார்ப்பது நீங்கள்தானே!”

குதிரை மாளிகையின் 122 மரக்குதிரைகள் எதுவும் கேட்பதில்லை. உங்கள் லாயத்தில் நிற்கும் குதிரை கேட்கிறது. மிச்சம் வைத்த கொள்ளுதான் அதன் பேச்சு. காலையில் தீனித் தொட்டியை ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. குதிரையின் வயிற்றில் அமிலம் எப்போது சுரக்கிறது?
2. புல்லுக்கும் தானியத்துக்கும் எச்சில் ஊறுவதில் என்ன வித்தியாசம்?
3. வார் கட்டும்போது குதிரை கடிக்க வந்தால் என்ன என்ன காரணம் இருக்கலாம்?
4. வயிற்றுப் புண்ணை நிச்சயமாகக் கண்டுபிடிக்கும் வழி எது?
5. உங்கள் வீட்டு ஆடு, மாடு அல்லது குதிரையை மூன்று நாள் கவனியுங்கள். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள்.